சிலுவை: ஒரு சொல் நடந்து வந்த வழி



காலையில் கண்விழித்ததும் சிலுவை அடையாளம் வரைகிறோம். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதை செய்கிறோம். பெரிய வெள்ளியன்று வரிசையில் நின்று சிலுவையை முத்தி செய்கிறோம். தென்மாவட்டங்களில் பிள்ளைகளுக்குச் சிலுவைமுத்து என்றும், சிலுவை அந்தோணி என்றும் பெயரிட்டு அழைக்கிறோம். இவ்வளவு நெருக்கமான இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று நாம் அதிகம் கேட்டதில்லை. செப்டம்பர் 14ஆம் நாள் திருச்சிலுவையின் மகிமை விழாவைக் கொண்டாடும் இவ்வேளையில், இந்த ஒரு சொல்லை மட்டும் கையிலெடுத்துத் திருப்பிப் பார்ப்போம். இது எந்த மொழிச் சொல்? நம்மிடம் எப்படி வந்தது? வரும்போது எதைச் சுமந்துகொண்டு வந்தது?

சிலுவை தமிழிலேயே பிறந்த சொல் அல்ல. நம் சங்க நூல்களில் இச்சொல் கிடையாது. குற்றவாளியை மரத்தில் ஏற்றிக் கொல்லும் தண்டனையைத் தமிழர் அறியாதவர்களும் அல்லர். அதற்குக் கழு என்றும் கழுமரம் என்றும் சொந்தச் சொற்கள் இருந்தன. ஆனால் ஆண்டவர் இறந்த மரத்தைக் குறிக்க நம் முன்னோர் அந்தச் சொற்களை எடுத்துக்கொள்ளவில்லை. கடல் கடந்து வந்த ஒரு சொல்லையே ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தச் சொல் சுரியானி மொழியிலிருந்து வந்தது. நம் ஆண்டவர் நாசரேத்தில் தம் தாயோடு பேசிய மொழி அரமேயம். அதன் ஒரு கிளைதான் சுரியானி. இன்று துருக்கி நாட்டில் உர்ஃபா என்று அழைக்கப்படும் பழைய எதெஸ்ஸா நகரில் அது வளர்ந்தது. புனித தோமாவின் திருப்பண்டங்களைக் காத்து வணங்கிய நகரமும் அதுவே. அந்த மொழியில் சிலுவைக்குப் பெயர் 'ஸ்லீபா'. இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வரும் 'ப' அங்கே மெலிந்து 'வ' ஆகும். ஆகவே கிழக்குத் திருச்சபையார் வாயில் அது 'ஸ்லீவா' என்று ஒலித்தது.

'ஸ்லீவா' எப்படிச் 'சிலுவை' ஆயிற்று? தமிழில் சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் சேர்ந்து நிற்பதில்லை. எனவே 'ஸ்லீ' என்பது 'சிலு' என்று பிரிந்தது. வடமொழி 'மாலா' நம்மிடம் 'மாலை' ஆனது போல, 'சபா' நம்மிடம் 'சபை' ஆனது போல, இறுதியில் உள்ள 'வா'வும் 'வை' ஆயிற்று. தெலுங்கர் 'சிலுவ' என்கிறார்கள். கன்னடர் 'சிலுபே' என்கிறார்கள். கேரளச் சுரியானிக் கிறிஸ்தவர்கள் இன்றும் 'ஸ்லீவா' என்றே சொல்லி, சிலுவைப் பாதையை 'ஸ்லீவாப்பாதை' என்றும் அழைக்கிறார்கள். ஆண்பிள்ளைகளுக்கு 'ஸ்லீபா' என்று பெயரிடும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. நம் சிலுவைமுத்துக்களுக்கு மலைக்கு அந்தப் பக்கம் இப்படிப் பெயர்வழி உறவினர்கள் இருக்கிறார்கள்.

இனி, சொல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அரமேயம், எபிரேயம், அரபு ஆகிய மொழிகளில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யொலிகள் கொண்ட வேரிலிருந்து பிறக்கின்றன. ஸ-ல-ப என்ற வேருக்கு மரத்தில் ஏற்றித் தொங்கவிடுதல் என்று பொருள். அந்த வேரிலிருந்து வந்த 'ஸ்லீபா' அமைப்பில் ஒரு செயப்பாட்டுச் சொல். தொங்கவிடப்பட்டது, தொங்கவிடப்பட்டவர் என்பதே அதன் அடிப்படை. மரத்துக்குப் பெயராக வழங்கும்போதும், அதில் ஏற்றப்பட்டவரின் நினைவை அந்த அமைப்பு தன்னுள் வைத்திருக்கிறது.

மற்ற மொழிகளோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்தில் சிலுவைக்கு 'ஸ்தவுரோஸ்' என்று பெயர். தரையில் நட்டு நிறுத்திய கம்பம் என்பதே அதன் பழைய பொருள். வேலிக்கு நடும் கம்பத்துக்கும் அதுவே பெயர். இலத்தீனில் 'குருக்ஸ்'. அது சித்திரவதைக் கருவியின் பெயர். கடும் வேதனைக்கு உள்ளாக்குவதைக் குறிக்கும் இலத்தீன் வினைச்சொல் அதிலிருந்தே பிறந்தது. தாங்கமுடியாத வலியைச் சொல்லும்போது ஆங்கிலத்தில் 'எக்ஸ்குரூசியேட்டிங்' என்கிறார்களே, அதற்குள்ளும் அந்தக் 'குருக்ஸ்' இருக்கிறது. சீனர்களுக்கோ எழுத்துதான் கைகொடுத்தது. அவர்கள் எழுத்தில் பத்து என்னும் எண் ஒரு குறுக்குக்கோடும் ஒரு நெடுங்கோடும் சேர்ந்தது. எனவே அவர்கள் சிலுவையைப் 'பத்து எழுத்துச் சட்டம்' என்று அழைத்தார்கள். சீனாவின் சியான் நகரில் கி.பி. 781இல் கிழக்குத் திருச்சபையார் நாட்டிய கல்வெட்டிலேயே அந்தப் பத்து எழுத்து வழக்கைக் காண்கிறோம். அதே கல்லில் சுரியானி எழுத்துகளும் பொறிக்கப்பட்டுள்ளன.

கிரேக்கச் சொல் மரத்தைக் காட்டுகிறது. இலத்தீன் சொல் வேதனையை நினைவூட்டுகிறது. சீனச் சொல் வடிவத்தை வரைகிறது. நமக்கு வந்து சேர்ந்த சுரியானிச் சொல்லோ, அந்த மரத்தில் ஒருவர் ஏற்றப்பட்டார் என்று சொல்கிறது.

அந்தக் காலத்தில் இது கௌரவமான சொல்லாக இருக்கவில்லை. கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸ் தலைமையில் எழுந்த அடிமைகளின் கிளர்ச்சியை ஒடுக்கிய உரோமையர், பிடிபட்டவர்களில் 6,000 பேரைக் கப்புவா நகரிலிருந்து உரோமை வரை சாலையோரம் சிலுவைகளில் ஏற்றினார்கள். 8 ஆண்டுகள் கழித்து, கி.மு. 63இல், சிசரோ என்ற பேச்சாளர் ஒரு வழக்கில் வாதாடியபோது, உரோமைக் குடிமகனின் உடலை மட்டுமல்ல, அவன் எண்ணத்தையும் கண்ணையும் காதையும்கூடச் சிலுவை என்ற அந்தச் சொல் தீண்டக்கூடாது என்னும் கருத்தைச் சொன்னார். அது அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய சொல். பெரிய மனிதர் வீட்டில் உச்சரிக்கக் கூசிய சொல். யூதருக்கும் அது இடறலாகவே இருந்தது. மரத்தில் தொங்கவிடப்பட்டவன் இறைவனின் சாபத்துக்கு உள்ளானவன் என்பது இணைச்சட்ட நூலின் வழக்கு. அப்படிப்பட்ட சொல்லைத்தான் தூய பவுல் கொரிந்து நகரத்தாருக்கு நற்செய்தியாக அறிவித்தார். யூதருக்குத் தடைக்கல், பிற இனத்தாருக்கு மடமை என்று தெரிந்தேதான் அறிவித்தார்.

4ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. மன்னர் கொன்ஸ்தந்தீன் கிறிஸ்தவர்களுக்கு உரிமை வழங்கினார். அந்த நூற்றாண்டிலேயே சிலுவைத் தண்டனையும் உரோமைப் பேரரசில் ஒழிந்தது. எருசலேமில் ஆண்டவரின் கல்லறை இருந்த இடத்தில் எழுப்பப்பட்ட பேராலயம் கி.பி. 335 செப்டம்பரில் அர்ச்சிக்கப்பட்டது. நாம் இன்று கொண்டாடும் விழா அந்த நாள்களின் நினைவிலிருந்து வளர்ந்தது. பின்னர், 614இல் பாரசீகப் படை எருசலேமைப் பிடித்துத் திருச்சிலுவை மரத்தை எடுத்துச் சென்றதும், பேரரசர் எராக்லியுஸ் அதை மீட்டுத் திரும்பக் கொண்டுவந்ததும் இந்த விழாவோடு சேர்ந்துகொண்டன.

பாரசீகம் என்றதும் நாம் நம் சொல்லின் வழிக்கே வந்துவிட்டோம். சுரியானியில் திருவழிபாடு செய்த கிறிஸ்தவர்கள் பாரசீகத்தில் ஏராளமாக வாழ்ந்தார்கள். பாரசீக மொழியும் அவர்களிடமிருந்து இச்சொல்லை எடுத்து 'சலீப்பா' ஆக்கிக்கொண்டது. பிற்காலத்தில் அழகெழுத்துக் கலைஞர்கள் கவிதை வரிகளைக் காகிதத்தில் சாய்வாக எழுதும் ஒரு முறைக்கும் அதே பெயரைச் சூட்டினார்கள். அந்தப் பாரசீகக் கரையிலிருந்து வணிகக் கப்பல்கள் மலையாளக் கரைக்கு வந்துகொண்டிருந்தன. கி.பி. 849ஐச் சேர்ந்த கொல்லம் செப்பேடுகள், அங்கிருந்த தரிசாப்பள்ளி என்னும் கோயிலுக்கு வழங்கிய உரிமைகளை வட்டெழுத்தில் சொல்கின்றன. சாட்சிகளோ பாகலவி, அரபு, எபிரேய எழுத்துகளில் கையொப்பமிட்டிருக்கிறார்கள். நம் சென்னையிலும் இதற்குச் சான்று உண்டு. 1547இல் பறங்கிமலையில் போர்த்துகீசியர் கோயில் கட்டக் கடைக்கால் தோண்டியபோது ஒரு கற்சிலுவை கிடைத்தது. அதைச் சுற்றிப் பாகலவி என்னும் பழைய பாரசீக எழுத்து வெட்டப்பட்டிருக்கிறது. இன்றும் அது அக்கோயிலின் பீடத்துக்கு மேலே இருக்கிறது. 'ஸ்லீவா' என்று சொன்ன மக்கள் போர்த்துகீசியருக்கு நெடுங்காலம் முன்பே நம் கரைகளில் செபித்தார்கள் என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி.

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கினார். அதன்பின் இரண்டாவது சொல் வந்தது. இலத்தீன் 'குருக்ஸ்' போர்த்துகீசியத்தில் 'குரூஸ்' ஆகியிருந்தது. நம் வீட்டு மேசையும் சாவியும் சன்னலும் அலமாரியும் வந்த அதே மொழியில் அதுவும் வந்தது. மலையாளத்தில் அது 'குரிசு'. கொங்கணியில் 'குரீஸ்'. சிங்களத்தில் 'குருசிய'. தமிழில் 'குருசு'. இன்றும் குமரி மாவட்டத்தில் தெருமுனையில் நிற்கும் சிற்றாலயத்தைக் குருசடி என்கிறோம். குரூஸ் என்ற பெயர் முத்துக்குளித்துறையில் நிலைத்துவிட்டது. தூத்துக்குடி நகராட்சித் தலைவராக இருந்து ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்த குரூஸ் பர்னாந்தின் பெயர் அந்த ஊரில் எல்லாச் சமயத்தாருக்கும் தெரிந்த பெயர்.

மேற்கிலிருந்து வந்தவர்களுக்கும் முன்பே இங்கிருந்த கிறிஸ்தவர்களுக்கும் இடையே எல்லாம் சுமுகமாக இருக்கவில்லை. 1653 சனவரியில் மட்டாஞ்சேரியில் கூடிய சுரியானிக் கிறிஸ்தவர்கள், போர்த்துகீசிய ஆட்சியின் கீழ் வந்த பேராயருக்கு இனிப் பணிவதில்லை என்று ஒரு கற்சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். வரலாற்றில் அது கூனன் குரிசு சத்தியம் என்று பெயர் பெற்றது. கவனியுங்கள். போர்த்துகீசிய அதிகாரத்தை மறுத்த அந்த நிகழ்வின் பெயரிலேயே போர்த்துகீசியச் சொல் அமர்ந்திருக்கிறது. மக்கள் பிரிந்தார்கள். சொற்களோ அதற்குள் கலந்துபோயிருந்தன.

தமிழ்க் கரையில் இந்தக் கலப்பை மணப்பாட்டில் பார்க்கலாம். புயலில் சிக்கித் தப்பிய போர்த்துகீசியக் கப்பல் ஒன்றின் தலைவர், ஒடிந்த பாய்மரத்தைக்கொண்டு சிலுவை செய்து 1540இல் அந்த மணற்குன்றின்மேல் நட்டார் என்பது அவ்வூர் மரபு. 2 ஆண்டுகளில் புனித சவேரியார் அங்கு வந்து, குன்றின் அடியில் உள்ள குகையில் தங்கிச் செபித்தார். இன்று செப்டம்பர் 14 அன்று அங்கே கூடும் திரளான மக்கள் வணங்குவது திருச்சிலுவையை. மரம் போர்த்துகீசியருடையது. பெயர் சுரியானியருடையது. வணங்கும் உள்ளம் நம்முடையது.

நேயர்களே, இச்சொல்லுக்கு இன்னொரு வழியும் உண்டு. அரபியில் அது 'ஸலீப்'. இசுலாமிய வணிகர்களோடும் அறிஞர்களோடும் அந்த வடிவம் பரவியது. உருதுவிலும் இந்தியிலும் 'ஸலீப்' என்பார்கள். மலாய், இந்தோனேசிய மொழிகளில் 'சாலிப்'. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலியில் 'ம்சலாபா'. அங்குள்ள கிறிஸ்தவர்கள் தங்கள் சிலுவையை அரபு வழியாக வந்த சொல்லால்தான் அழைக்கிறார்கள்.

இந்த வழியில்தான் இச்சொல்லின்மேல் இரத்தமும் படிந்தது. 1099இல் சிலுவை அடையாளத்தைத் தைத்த ஆடையோடு எருசலேமுக்குள் நுழைந்த படை, அங்கிருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் கொன்று குவித்தது. அக்கால அரபு ஆசிரியர்கள் அவர்களைப் பிராங்குகள் என்றே எழுதினார்கள். நம் ஊரில் பறங்கி என்று வழங்கும் சொல்லின் மூலமும் அதுவே. ஆனால் பின்னாளில் அரபு மொழியும் அவற்றை 'ஸலீப்' போர்கள் என்று அழைக்கத் தொடங்கியது. தொங்கவிடப்பட்டவரின் பெயர், கொன்றவர்களின் பெயராக மாறியது. 2000ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல், உண்மையைக் காப்பதாகச் சொல்லித் திருச்சபையின் மக்கள் செய்த வன்முறைகளுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். அதை நாம் மறக்கக்கூடாது.

அதே சொல் மருந்தாகவும் ஆனது. போர்க்களத்தில் காயமுற்றவர்களைக் காக்க 1863இல் செனீவாவில் ஓர் அமைப்பு தொடங்கியது. அடுத்த ஆண்டு வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை அதன் சின்னமாயிற்று. 1876இல் துருக்கியப் பேரரசு அந்தச் சின்னம் தன் வீரர்கள் மனத்தைப் புண்படுத்துகிறது என்று சொல்லிச் செம்பிறையைப் பயன்படுத்தியது. பழைய புண் அவ்வளவு ஆழமானது. நம் தமிழிலோ அது செஞ்சிலுவைச் சங்கம். செம்மையும் சிலுவையும் சேர்ந்து செஞ்சிலுவை. செந்தாமரை, செங்கதிர் என்பது போலத் தமிழ்ப் புணர்ச்சி விதிக்கு அந்தச் சுரியானிச் சொல் இயல்பாக இணங்கி நிற்கிறது. இரத்ததானம் செய்யப் போகும் இளைஞர் எந்தச் சமயத்தவரானாலும் அச்சொல்லைத் தயங்காமல் சொல்கிறார்.

வத்திக்கான் சங்கத்துக்குப்பின் நம் வழிபாட்டுச் சொற்கள் பல மாறின. ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆயிற்று. பூசை திருப்பலி ஆயிற்று. பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு ஆயிற்று. நம் பாட்டிமார் சர்வேசுரன் என்று சொன்ன இடத்தில் நாம் இறைவன் என்கிறோம். சிலுவையை யாரும் மாற்றவில்லை. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியத்திலும் அது சிலுவையாகவே இருக்கிறது. மொழிபெயர்க்கத் தேவையில்லாத அளவுக்கு அது நம் சொல்லாகிவிட்டது.

ஆனால், இவ்வளவு சொந்தமான ஒரு சொல்லின் உட்பொருள் தேய்ந்துபோகும் ஆபத்தும் உண்டு. கழுத்தில் தங்கமாய் மின்னும்போது அது நகை. கோபுரத்தின்மேல் விளக்கொளியில் நிற்கும்போது அது அலங்காரம். இதைவிடக் கவலைக்குரியது இன்னொன்று. குடித்துவிட்டு வந்து கணவன் அடிக்கிறான் என்று அழுதுகொண்டு தாய்வீடு வரும் மகளிடம், "அது உன் சிலுவை, சுமந்துதான் ஆக வேண்டும்" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறோம். கூலியைக் குறைத்துக் கொடுக்கும் முதலாளியைப்பற்றி முறையிடும் தொழிலாளியிடமும் அதையே சொல்கிறோம். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவரிடமும் அதையே சொல்கிறோம்.

இங்கேதான் அந்தப் பழைய சுரியானிச் சொல்லின் அமைப்பு நமக்குப் பாடம் சொல்கிறது. 'ஸ்லீபா' ஒரு செயப்பாட்டுச் சொல் என்று பார்த்தோம். தொங்கவிடப்பட்டவர் ஒருவர் உண்டென்றால், தொங்கவிட்டவர் ஒருவரும் உண்டு. சிலுவை தானாக முளைத்த மரமன்று. யாரோ வெட்டினார்கள், யாரோ தீர்ப்பு எழுதினார்கள், யாரோ ஆணி அடித்தார்கள். தம் சிலுவையைத் தூக்கிக்கொண்டு பின்செல்ல ஆண்டவர் நம்மை அழைக்கிறார், உண்மைதான். அது நாமே விரும்பி, அன்புக்காக ஏற்பது. அடுத்தவர் தோளில் நாம் ஏற்றிவைப்பதற்கு அவர் அந்தப் பெயரைக் கொடுக்கவில்லை. அடிபடும் பெண்ணின் துன்பம் சிலுவை என்றால், அடிப்பவன் கையில் இருப்பது ஆணி. அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் சொல்லில் பாதியைத்தான் சொல்கிறோம்.

2018இல் திருத்தந்தை பிரான்சிஸ், மரண தண்டனை எந்த நிலையிலும் ஏற்கத்தக்கதன்று என்று திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டில் திருத்தம் செய்தார். ஒரு மரண தண்டனைக் கருவியின் பெயரைத் தன் நெற்றியில் வரைந்துகொள்ளும் மக்களுக்கு இது புதிய பாடமாக இருக்கத் தேவையில்லை. நம் சொல் தொடக்கத்திலிருந்தே அந்த மரத்தில் இருந்தவரின் பக்கம் நிற்கிறது.

நம் முன்னோர் இன்னொரு நல்ல பெயரையும் விட்டுச் சென்றார்கள். ஆண்டவரின் உருவம் தாங்கிய சிலுவையை அவர்கள் பாடுபட்ட சுரூபம் என்றார்கள். சுரியானி தெரியாத அந்தப் பாட்டிமார், சுரியானிச் சொல் சொன்னதையே தமிழில் சொல்லிவிட்டார்கள். மரத்தை அல்ல, அதில் பாடுபட்டவரைப் பார்த்தார்கள்.

ஆகவே, அன்பார்ந்தவர்களே, இந்த விழா நாளில் சிலுவையை முத்தி செய்யும்போது ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வோம். நம் வீட்டில், நம் தெருவில், நாம் வேலை செய்யும் இடத்தில் இன்று தொங்கவிடப்பட்டிருப்பவர் யார்? அவர் பாரத்தைத் தாங்க சிரேன் ஊர் சீமோனைப் போல் நாம் தோள் கொடுக்கிறோமா, அல்லது அதை அவருடைய சிலுவை என்று பெயரிட்டுவிட்டு நடந்துவிடுகிறோமா? எதெஸ்ஸாவிலிருந்து பாரசீகம் வழியாகவும் மலையாளக் கரை வழியாகவும் இந்தச் சொல் நம்மிடம் வந்து சேர்ந்தது. அது சுமந்து வந்த மனிதரை வழியில் இறக்கிவிடாமல் நம் பிள்ளைகளிடம் சேர்ப்போம்.

இறையருள் நம் அனைவரோடும் இருப்பதாக.